ஃபார்முலா தெரிந்தும் விடை தவறுவது எந்த வரியில்?

"பாடப்புத்தகக் கணக்கெல்லாம் போட வருகிறது. நுழைவுத் தேர்வு மாதிரித்தாளில் மட்டும் பாதிக்கு மேல் தப்பாகிறது. தீர்வைப் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கிறது. இன்னும் எத்தனை கணக்கு போட்டால் சரியாகும்? தெரியாததற்கு ஊகித்து ஆப்ஷன் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், கைக்கு எட்டியது ஏன் வாய்க்கு எட்டவில்லை என்பதுதான் இதில் இருக்கும் கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு எண்ணிக்கைக்கும் ஊகத்துக்கும் வருகிறேன். டைப் செய்ய வசதியாக, தெரியாத எண்களை க, ப என்றே எழுதுகிறேன்.

கடைசியாக எழுதிய இரண்டு மாதிரித்தாள்களை எடுங்கள். மார்க் போன ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: போட்டு முடித்தும் விடை தப்பு, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை, நேரம் போதவில்லை. இந்த மூன்றும் வெவ்வேறு வியாதி, மருந்தும் வேறு. பெரும்பாலோர் மூன்றையும் ஒன்றாகக் கட்டி "பிராக்டிஸ் பத்தவில்லை" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தீர்வைப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று தோன்றுகிறது என்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு முதல் வகைதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் வகையில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தந்திரக் கணக்கு என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை புதிய பாடத்தைக் கேட்பதில்லை. கணக்கின் நடுவே ஒரு வரியில் ஒரு நிபந்தனை சத்தமில்லாமல் விழுந்துவிடும். கேள்வி எழுதியவர் அந்த வரியைத்தான் குறிவைத்திருப்பார். √(க + 7) = க − 5 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க² − 11க + 18 = 0; க = 9 அல்லது 2. ஆப்ஷனில் "2, 9" என்று அழகாக இருக்கும். ஆனால் 2-ஐப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. விடை 9 மட்டுமே. வர்க்கப்படுத்துவது ஒருவழிப் பாதை: 3 = −3 என்பது பொய், ஆனால் 9 = 9 என்பது உண்மை. பொய்யும் அந்த வரியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அதனால் ரஃப் ஷீட்டில் வர்க்கப்படுத்திய வரியின் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரம் இருந்தால் விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். பத்து விநாடி வேலை.

இதற்கு நேர் எதிரான தப்பு, இருக்கும் விடையைத் தொலைப்பது. சைன் 2க = சைன் க என்பதற்கு 0 டிகிரி முதல் 360 டிகிரி வரை, 360-ஐச் சேர்க்காமல், எத்தனை தீர்வு என்று கேட்டால், 2 சைன் க × காஸ் க = சைன் க என்று எழுதி இருபுறமும் சைன் க-வை அடித்துவிடுவார்கள். காஸ் க = 1/2; 60, 300; இரண்டு தீர்வு. அடித்த சைன் க பூச்சியமாகவும் இருக்கலாமே? 0, 180 என்று இன்னும் இரண்டு அங்கேயே போய்விட்டன. விடை நான்கு. தெரியாத எண் உள்ள எதையும் அடிக்காமல், ஒரு பக்கம் கொண்டுவந்து பொதுவாக வெளியே எடுங்கள். லாக் (க²) = 2, அடிமானம் 10, என்பதை 2 லாக் க = 2 என்று மாற்றினாலும் இதே கதைதான்: 10 கிடைக்கும், −10 தொலைந்துவிடும். கூடுதலாக வந்த விடையைத் திரும்பப் போட்டுப் பிடிக்கலாம். தொலைந்த விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்க வழியே இல்லை, அதுதான் கையில் இல்லையே. ஆகவே இரண்டில் ஆபத்தானது இதுதான் என்பேன்.

அடுத்து, ஒரு நிபந்தனையை வேறு நிபந்தனைகளாக மொழிபெயர்க்கும்போது நடப்பது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படிப்பவர்களே இதில்தான் அதிகம் விழுகிறார்கள். க² − 2பக + ப + 6 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் இரு மூலங்களும் மெய்யெண்கள், இரண்டும் 1-ஐவிடப் பெரியவை; ப-வுக்கு எத்தனை முழு எண் மதிப்புகள்? வழக்கமாகப் போடுவது இப்படி: மூலங்கள் மெய்யாக இருக்கத் தன்மைக்காட்டி பூச்சியம் அல்லது அதற்கு மேல், அதாவது ப² − ப − 6 ≥ 0, ப ≥ 3 அல்லது ப ≤ −2. இரண்டும் 1-க்கு மேல் என்றால் கூட்டல் 2-க்கு மேல், 2ப > 2. பெருக்கல் 1-க்கு மேல், ப + 6 > 1. மூன்றையும் சேர்த்தால் ப ≥ 3. அப்படியானால் முழு எண்களுக்கு முடிவே இல்லை, கேள்வியோ "எத்தனை" என்கிறது. இந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும். ப = 8 போட்டுப் பாருங்கள்: க² − 16க + 14 = 0. மூலங்கள் 8 ± √50, அதாவது ஏறக்குறைய 15.07, 0.93. கூட்டல் 16, பெருக்கல் 14, இரண்டு சோதனையிலும் பாஸ். ஆனால் ஒரு மூலம் 1-க்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது.

எங்கே தப்பு? இரண்டு எண்களும் 1-ஐவிடப் பெரியவை என்றால் கூட்டல் 2-க்கு மேல், பெருக்கல் 1-க்கு மேல் என்பது சரி. அதைத் தலைகீழாகச் சொன்னால் சரியில்லை, 15-ம் 0.93-ம் அதற்குச் சாட்சி. வளைவரையை மனதில் வரைந்தால் சரியான நிபந்தனைகள் தாமாக வரும். மேல்நோக்கித் திறக்கும் பரவளையம். அதன் இரு வெட்டுப்புள்ளிகளும் 1-க்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். அதற்கு, 1 என்ற இடத்தில் வளைவரை அச்சுக்கு மேலே இருக்க வேண்டும்: 1 − 2ப + ப + 6 > 0, அதாவது ப < 7. நடுக்கோடு 1-க்கு வலப்பக்கம் இருக்க வேண்டும்: ப > 1. அச்சைத் தொடவாவது வேண்டும்: தன்மைக்காட்டி. மூன்றும் சேர்ந்தால் 3 ≤ ப < 7; முழு எண்கள் 3, 4, 5, 6; விடை 4. கேள்வியில் "வெவ்வேறான" என்ற ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் ப = 3 போய்விடும் (அங்கே மூலம் 3, 3), விடையும் 3 ஆகிவிடும். மேலே சொன்ன கூட்டல், பெருக்கல் வழியில் போக ஆசை என்றால் போகலாம். ஆனால் மூலங்களிலிருந்து 1-ஐக் கழித்துவிட்டு, அந்த இரண்டு எண்களின் கூட்டலும் பெருக்கலும் மிகை என்று எழுத வேண்டும். அது இருபுறமும் செல்லும் நிபந்தனை.

சிறும மதிப்புக் கணக்கில் இதே வியாதி வேறு வேஷத்தில் வரும். க, ப இரண்டும் மிகை எண்கள். (க + 1/ப)(ப + 4/க) என்பதன் மிகச்சிறிய மதிப்பு என்ன? கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்ற விதியை ஒவ்வோர் அடைப்புக்கும் தனித்தனியாகப் போட்டால் முதல் அடைப்பு 2√(க/ப), இரண்டாவது 4√(ப/க), பெருக்கினால் 8. எட்டுக்குக் குறையாது என்பது உண்மைதான். எட்டைத் தொடுமா என்பதுதான் கேள்வி. முதல் அடைப்பில் சமம் வர க × ப = 1 ஆக வேண்டும்; இரண்டாவதில் சமம் வர க × ப = 4 ஆக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. விரித்து எழுதினால் 5 + கப + 4/(கப); இப்போது விதியை ஒருமுறை மட்டும் போட்டால் 5 + 4 = 9, அது கப = 2 என்ற இடத்தில் நிஜமாகவே கிடைக்கிறது. இந்த விதியைப் போட்ட ஒவ்வொரு முறையும் "சமம் எங்கே வருகிறது" என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு முறை போட்டிருந்தால் இரண்டு வரி. அவை முட்டிக்கொண்டால் விடை பொய். வகைக்கெழுவைப் பூச்சியமாக்கிப் பெருமம் காண்பதிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு: க³ − 3க என்பதற்கு −3 முதல் 3 வரை மிகப்பெரிய மதிப்பு கேட்டால், வகைக்கெழு காட்டும் −1-இல் கிடைப்பது 2. ஓரத்தில், 3-இல், 18 காத்திருக்கிறது.

எண்ணும் கணக்குகளில், அதாவது வரிசைமாற்றம், சேர்மானம், நிகழ்தகவில், சூத்திரம் தெரிவதால் மட்டும் காப்பாற்ற முடியாது. 5 ஆண்கள், 4 பெண்கள். நால்வர் குழு, குறைந்தது 2 பெண்கள் வேண்டும். பலர் செய்வது: நான்கு பெண்களில் இருவரைத் தேர்ந்தெடு, 6 வழி; மீதி ஏழு பேரில் யாராவது இருவர், 21 வழி; 6 × 21 = 126. இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்பது பேரில் எந்த நிபந்தனையும் இல்லாமல் நால்வரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளும் 126-தான்! நிபந்தனை போட்டும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் எங்கோ இரட்டிப்பாக எண்ணியிருக்கிறோம். மூன்று பெண்கள் உள்ள குழுவில் எந்த இரண்டு பேரை "முதலில்" எடுத்தோம் என்பதைப் பொறுத்து ஒரே குழு மூன்று முறை வந்துவிடுகிறது. நான்கு பெண்கள் உள்ள குழு ஆறு முறை. சரியாகப் பிரித்தால் 2 பெண்கள் 60, 3 பெண்கள் 20, 4 பெண்கள் 1, மொத்தம் 81. "குறைந்தது" என்ற சொல்லைக் கண்டால் வகை பிரித்து எண்ணுங்கள், அல்லது மொத்தத்திலிருந்து வேண்டாததைக் கழியுங்கள்: 126 − 5 − 40, அதே 81. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் நிம்மதியாக அடுத்ததுக்குப் போகலாம். இதோடு, பொருள்கள் ஒரே மாதிரியா வெவ்வேறா என்று பாருங்கள். ஒரே மாதிரியான 10 பந்துகளை 3 பெட்டிகளில் போட 66 வழி, எந்தப் பெட்டியும் காலியாகக் கூடாது என்றால் 36. பந்துகள் வெவ்வேறு என்றால் காலிப் பெட்டிக்குத் தடையில்லாதபோது 59,049. கேள்வியில் மாறியது ஒரு சொல்தான்.

அதனால் கேள்வியை வாசிக்கும்போதே மிகை, முழு எண், வெவ்வேறான, குறைந்தது, ஓரங்கள் சேருமா சேராதா, கேட்பது மதிப்பையா மதிப்புகளின் எண்ணிக்கையையா என்பவற்றை அடிக்கோடிட்டு, ரஃப் ஷீட்டில் கணக்குக்கு மேலே ஒரே வரியில் எழுதிவிடுங்கள். விடை வந்ததும் அந்த வரியோடு ஒப்பிடுங்கள். இதைத் தேர்வு நாளில் புதிதாகச் செய்ய வராது. வீட்டில் போடும் ஒவ்வொரு கணக்கிலும் செய்து கை பழக வேண்டும்.

இனி இரண்டாவது வகை, தொடக்கமே தெரியாதது. இதில் முன்பு போல அடித்துச் சொல்ல முடியாது. எந்தக் கணக்குக்கும் திறக்கும் சாவி என்று ஒன்று கிடையாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துப் பார்ப்பதைவிடச் சிறிய எண்ணைப் போட்டுப் பார்ப்பது அநேகமாக எப்போதும் நல்லது. 1/(1×2) + 1/(2×3) என்று தொடங்கி 1/(99×100) வரை கூட்டு என்றால், முதல் உறுப்பு மட்டும் 1/2. இரண்டு சேர்ந்தால் 2/3. மூன்று சேர்ந்தால் 3/4. விடை 99/100 என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வோர் உறுப்பும் இரண்டு பின்னங்களின் வித்தியாசம், நடுவில் உள்ளவை அடிபட்டுப் போகின்றன என்ற காரணமும் அடுத்த நிமிடத்தில் பிடிபடும். இந்தக் காரணம் பிடிபடுவது முக்கியம், ஏனென்றால் வடிவம் ஏமாற்றும். ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து எல்லாவற்றையும் நாண்களால் இணைத்து, எந்த மூன்று நாண்களும் உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்காதபடி பார்த்துக்கொண்டால், வட்டம் எத்தனை பகுதிகளாகும்? ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 32 என்று எழுதக் கை துடிக்கும், எண்ணினால் 31. சிறிய எண் சோதனை ஒரு விடையைத் தப்பென்று காட்டும், சரியென்று நிறுவாது.

சிறிய எண் உதவாத இடத்தில், கேட்கப்பட்டதிலிருந்து பின்னோக்கி ஒரு படி எழுதுங்கள்: "இது கிடைக்க எனக்கு எது தெரிந்தால் போதும்?" கொடுத்த தகவல்களில் இதுவரை எதைத் தொடவில்லை என்றும் பாருங்கள். நுழைவுத் தேர்வுக் கணக்குகளில் வீண் தகவல் அரிது. தொடாத ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதுதான் வாசல். வடிவியல் என்றால் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். சமபக்கமாகவோ செங்கோணமாகவோ தற்செயலாக வரைந்துவிட்டால் கண் பொய் சொல்லும், வேண்டுமென்றே கோணலாக வரையுங்கள். இவ்வளவு செய்தும் எந்த அத்தியாயத்துக் கணக்கு என்றே தெரியவில்லை என்றால், அதற்கு இந்த உத்திகள் மருந்தாகாது. அந்தப் பாடத்தின் அடிப்படையையே திரும்பப் படிக்க வேண்டும்.

தீர்வைப் படிக்கும் விதத்தையும் மாற்றச் சொல்வேன். முழுத் தீர்வையும் ஒரே மூச்சில் வாசித்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றத்தான் செய்யும். மற்றவர் போட்ட பாதையில் நடப்பது எளிது. ஒரு தாளால் மூடி முதல் வரியை மட்டும் பாருங்கள், மூடிவிட்டுத் தொடருங்கள். மாட்டினால் அடுத்த வரி. முடித்ததும் நோட்டில் முழுத் தீர்வை எழுதாதீர்கள். எந்த வரியில் விழுந்தேன், எந்தச் சொல்லைக் கண்டிருந்தால் தப்பித்திருப்பேன் என்று இரண்டே வரி. "வர்க்கப்படுத்தினேன், திரும்பப் போடவில்லை." "குறைந்தது 2: இரட்டை எண்ணல்." ஒரு வாரம் கழித்து அதே கணக்கை வெற்றுத்தாளில் போடுங்கள். இந்த இடைவெளி ஒரு வாரமா பத்து நாளா என்பதெல்லாம் அவரவர் ஞாபகத்தைப் பொறுத்தது. ஆனால் அன்றே திரும்பப் போடுவது பயனில்லை, ஞாபகம்தான் விடை எழுதும், மூளை அல்ல.

எத்தனை கணக்கு என்ற கேள்விக்கு ஒரு எண் சொன்னால் அது ஜோசியம். என் கணிப்பு மட்டும் சொல்கிறேன்: மேலே சொன்னபடி அலசிய நான்கைந்து கணக்கு, விடை சரிபார்த்துவிட்டுத் தாண்டிப்போன இருபதைவிட மதிப்புள்ளது. நோட்டில் ஒரே வகைத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த வகையில் மட்டும் இன்னும் போடுங்கள். வருவது நின்றுவிட்டால் அந்தப் பாடத்தில் கணக்கு போதும். மூன்றாவது வகையான நேரப் பற்றாக்குறை, முதல் இரண்டும் குறையும்போது பாதி தானாகக் குறையும். மீதிக்கு, இரண்டு நிமிடம் ஓடியும் புதிதாக ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் குறி போட்டுவிட்டு நகருங்கள். இந்த இரண்டு நிமிடம் ஒரு தோராயம், உங்கள் தாளின் மொத்த நேரத்தைக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊகத்துக்கு வருவோம். முதலில் உங்கள் தேர்வின் மதிப்பெண் விதியைப் பாருங்கள். நான்கு ஆப்ஷன், சரிக்கு 4, தப்புக்கு 1 குறைப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில் சராசரியாகக் கேள்விக்குக் கால் மார்க் லாபம். இரண்டு ஆப்ஷனை நியாயமாக நீக்க முடிந்தால் ஒன்றரை மார்க். சரிக்கு 3, தப்புக்கு 1 என்றால் கண்ணை மூடிய ஊகத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இது கணக்கு, இதில் சந்தேகமில்லை. சந்தேகம் வருவது வேறிடத்தில்: தந்திரக் கணக்கின் ஆப்ஷன்கள் குலுக்கல் சீட்டு அல்ல. 126, 8, "2, 9" போன்றவை அங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். பார்த்ததும் சரியென்று தோன்றுவதைப் போட்டால், சரியாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் கீழே போகலாம். அது ஐந்தில் ஒன்றுக்குக் கீழே போனால் 4, −1 விதியிலும் நஷ்டம்தான்.

ஆனால் ஆப்ஷனை ஊகிக்கப் பயன்படுத்துவதைவிடச் சோதிக்கப் பயன்படுத்தலாம். ஆப்ஷன்கள் ஒன்றோடொன்று எங்கே மாறுபடுகின்றன என்று பார்த்து, அந்த இடத்து எண்ணை மட்டும் போடுங்கள். அந்த இருபடிச் சமன்பாட்டில் ப-வின் எல்லையையே கேட்டு, ஆப்ஷன்கள் "3 ≤ ப < 7", "3 < ப < 7", "3 ≤ ப ≤ 7", "ப ≥ 3" என்று இருந்தால், ப = 7 போடுங்கள்: க² − 14க + 13 = 0, மூலங்கள் 1, 13. ஒன்று 1-ஐவிடப் பெரியதல்ல, ஆகவே கடைசி இரண்டும் போயின. ப = 3 போடுங்கள்: 3, 3, கேள்வியில் "வெவ்வேறான" இல்லை, ஆகவே இரண்டாவதும் போனது.